வெறும் நார்

இல்லம்மா, பூ வேணாம். பூ வாங்க வரல. சித்த நேரம் கால நீட்டி உக்காந்துட்டுப் போயிடறேன். அந்த மல்லிக் கூடைய ஏன் அந்தாண்ட நவுத்தற? இருக்கட்டுமே. ஈரத்துணி வேற போட்டு மூடற. சரி, உன் கடை, உன் இஷ்டம். நீ பாட்டுக்குக் கட்டிக்கினே இரு, என்னால உன் வேல கெட வேணாம். நான் பேசிக்கினு இருக்கறேன், அவ்ளோதான்.

தோ, சோடாக்கடையாண்ட நிக்குது பாரு மாட்டு வண்டி, எங்க பக்கத்து வூட்டு சடையன் வண்டி அது. புண்ணாக்கு வாங்க வந்தாரு, நானும் ஏறிக்கினேன். அடி அண்ணாமலைம்மா எனக்கு ஊரு. மலைக்கு அந்தாண்டதான், ஆனா டவுனு மண்ண மிதிச்சு அஞ்சாறு வருசம் ஆவுது. கெணத்து மேட்டுல வழுக்கி வுழுந்தேன், இடுப்பு எலும்பு வுட்டுப்போச்சு. புத்தூர் கட்டு கட்டினாங்க. கூடுச்சு, ஆனா கோணலாக் கூடுச்சு. அப்பத்துலேர்ந்து வூடு, கொல்லை, மறுபடி வூடு.

சும்மா குந்திக்கினு தின்னல, தெரிஞ்சிக்க. கொல்லையில கனகாம்பரம் போட்டிருக்கோம். விடியக்காத்தால குந்தினபடியே நவுந்து நவுந்து நாந்தான் பறிப்பேன். எங்க வூட்டுக்காரரு சைக்கிள்ல வெச்சி எடுத்தாந்து இந்தத் தெருவுல நாலஞ்சு பூக்காரிங்களுக்குப் போட்டுட்டு, அப்புறம் மண்டியில மூட்டை தூக்கப் போவாரு. உனக்கும் போடறாரு இல்ல? உன் கூடைக்கு அடியில கெடக்குதே நீலத்துணி, அது என் பழைய பொடவைதான். நனைச்சுப் பூவச் சுத்திக் குடுப்பேன். அட, அதுக்கு ஏம்மா அத்த உருவி எடுக்கற? எல்லாக் கடையிலயும்தான் கெடக்குது, இருக்கட்டும் வுடு.

சாயந்திரம் வருவாரு. கால கழுவிக்கினு என் கட்டில் பக்கத்துல குந்துவாரு. இன்னிக்கு இன்னா பாத்தேன் தெரியுமான்னு ஆரம்பிப்பாரு. எனக்கு அது ஒண்ணுதாம்மா. சோறு கூட அதுக்கப்புறம்தான். இன்னிக்கு இன்னா சொல்லுவாரு, இன்னா சொல்லுவாருன்னு காலையிலேர்ந்து பூப் பறிக்கறப்பவும் அதே நெனப்புதான். வூட்டுக்குள்ள கெடக்கறவளுக்கு டவுனையே கையில புடிச்சிக்கினு வந்து குடுக்கறாரே, எந்தப் புருசன் குடுப்பான்னு கர்வம் கூட எனக்கு.

இன்னா மாதிரின்னு கேக்கறியா? கேக்கல, சரி, நானே சொல்றேன். ஆசிரமத்தாண்ட ஒரு வெள்ளக்காரன் வேட்டி நிக்கலன்னு இடுப்புல சைக்கிள் டியூப்ப இறுக்கிக் கட்டிக்கினு போனானாம். மலை சுத்தற வழியில ஒரு சாமியாரு, உலகமே வேணாம்னு படுத்துக் கெடக்கறாரு, ஆனா அரணாக்கயித்துல டைம்பீசு கட்டியிருக்கு. அது கணகணன்னு அடிச்சதும் திருவோட்ட எடுத்துக்கினு ஓடறாராம், அன்னதானத்துக்கு நேரமாச்சுன்னு.

இன்னொண்ணு கேளு. தீபத்துக்கு ஒரு பட்டிக்காட்டுக் குடும்பம் வந்திருக்குது. கூட்டத்துல பிரிஞ்சிடக்கூடாதுன்னு ஒரு நீள வேட்டிய முன்னால பெரியவரு புடிச்சிக்கினாரு, பின்னால பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வரிசையாப் புடிச்சிக்கினு வருதுங்க. வண்டியாண்ட வந்து திரும்பிப் பாத்தா கடைசியில முன்ன பின்ன தெரியாத ஒரு கெழவன் கெட்டியாப் புடிச்சிக்கினு நிக்கறான். நீ யாருய்யான்னா, நாம எங்க போறோம்னு அவன் இவங்களக் கேக்கறான். வயிறு புண்ணாப் போவற அளவுக்கு சிரிச்சேன் அன்னிக்கு.

அப்புறம் அந்தக் கட்டில் ஆளு. வேங்கிக்கால் ரோட்டுல, வேட்டைக்கார சாமி கோயில் இருக்குதே, அந்தப் பேர என் வாயால சொல்லமாட்டேன், எங்க வூட்டுக்காரரு பேருதான் அந்தச் சாமிக்கும். அங்க ஒருத்தன் தலையில இரும்புக் கட்டிலத் தூக்கிக்கினு போறான். வெயிலு தாங்கல. ரோட்டோரமாப் போட்டு அதுலயே படுத்துக் குறட்ட வுடறான். போலீசுக்காரரு லத்தியத் தட்டிக்கினு வந்தாரு, எழுப்பித் திட்டப் போறாருன்னு பாத்தா, கொஞ்சம் தள்ளிப் படுடான்னு சொல்லிட்டு அவரும் கால்மாட்டுல உக்காந்துக்கினாராம்.

எனக்கு ஒரு ஆச்சரியம்மா. எங்க வூட்டுக்காரரு வூட்டுல எதையும் பாக்கற ஆளே கெடையாது. எருமை கன்னு போட்டு நின்னாலும் அத்தத் தாண்டிப் போயி தண்ணி குடிப்பாரு. நான் மூக்குத்தி மாத்தினது அவரு கண்ணுக்குத் தெரியவே இல்ல, எதிர் வூட்டு ராஜம்மாள் சொல்லித்தான் தெரிஞ்சுது. உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு கேட்டாக்கூட முழிப்பாரு. இப்பேர்ப்பட்ட ஆளுக்கு டவுனுக்குள்ள காலு வெச்சா மட்டும் எங்கேர்ந்து இத்தன கண்ணு மொளைக்குதுன்னு நெனப்பேன். சரி, எனக்காகப் பாக்கறாரு, எனக்காகவே தேடிப் புடிச்சிப் பாக்கறாருன்னு நானே சமாதானம் சொல்லிக்குவேன். முட்டாளு.

போன மாசம் ஒண்ணு சொன்னாரு. டெண்டு கொட்டாயில சினிமா. ஒரு பொம்பள வயர் கூடையில கோழியப் போட்டு எடுத்துக்கினு வந்திருக்கறா. வூட்டுல வுட்டா நாத்தனாரு முட்டைய எடுத்துக்குவாளாம். படத்துல அம்மாக்காரி சாவப் போறா, பொம்பளைங்க எல்லாம் மூக்க உறிஞ்சிக்கினு அழுதுக்கினு இருக்குதுங்க. அந்த நேரம் பாத்து கோழி கொக்கரிக்குது. முட்டை உருண்டு வந்து பக்கத்துல குந்தியிருந்தவ மடியில வுழுந்துச்சாம். கையில எடுத்தா இன்னும் சூடா இருந்துச்சுன்னாரு. என் மடியில வந்த முட்டை என்துதான்னு இவ சொல்ல, கோழி என்துன்னு அவ சொல்ல, ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சிக்கினு, படத்துல செத்தவள எவளும் பாக்கலையாம்.

அன்னிக்கும் சிரிச்சேன். மறுநாளு அரிசியில கல்லு பொறுக்கிக்கினு இருந்தேன், நெனச்சு நெனச்சு சிரிப்பு வந்துச்சு. அப்படியே கையி நின்னுபோச்சு. கொட்டாயில பொம்பளைங்க எடம் தனிதானேம்மா? நடுவுல ஆளுயரத்துக்கு மண்சுவரு எழுப்பி வெச்சிருக்கான். நானும் கல்யாணமான புதுசுல அங்கதான் குந்திப் படம் பாத்திருக்கேன், அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துல ஒருத்தி மடியில முட்டை வுழுந்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? சூடா இருந்துச்சுன்னு எந்தக் கையி சொல்லுச்சு?

அரிசிய அப்படியே வெச்சிட்டேன். ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். அவரு பாத்தது ஒண்ணு கூட இல்லம்மா. ஒரு பொம்பள பாத்திருக்கறா. தெருவுல நாளெல்லாம் உக்காந்து, போறவன் வர்றவனப் பாத்துத் தனக்குள்ள சிரிச்சிக்கற ஒருத்தி. அவ சொல்லி இவரு சிரிச்சிருக்கறாரு. அந்த மீதிய எனக்கு எடுத்தாந்து போட்டிருக்கறாரு.

ஆம்பள நாலு எடம் போறான் வர்றான், நடக்காதது இல்ல. அதுக்குக் கூட எப்படியோ மனச தேத்திக்கலாம். இது ஆறல. நான் இந்த ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு வெச்சிருந்தேன். கட்டில் பக்கத்துல ரெண்டு பேரும் சிரிச்சோமே, அதுல கூட மூணாவதா ஒருத்தி குந்தியிருந்திருக்கறா. அவ கண்ணால பாத்து, அவ வாய்ச் சொல்லுக்கு நான் இத்தன வருசம் சிரிச்சேன்.

தண்ணி வேணாம். நீ குடி, உன் ஒதடுதான் காஞ்சிருக்குது.

அதான் இன்னிக்கு வந்தேன். அவரு செங்கத்துக்கு மாடு பாக்கப் போயிருக்கறாரு. எங்க பூ வாங்கறவங்க எல்லாம் இந்தத் திருவூடல் தெருவுலதான். சாமியும் அம்மனும் சண்ட போட்டுக்கற தெரு, பொருத்தமாத்தான் இருக்குது. அந்தக் கோடியில தங்கம்மாள்கிட்ட உக்காந்து இதே கோழிக் கதையச் சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல புரை ஏறிடுச்சு. தேர் முட்டியாண்ட வெள்ளையம்மாள், அவ கட்டில் ஆளுக்குச் சிரிச்சா. அந்தப் பல்லு போன ஆயா கூட சாமியாரு டைம்பீசுக்கு சிரிச்சிது. எல்லாரும் சிரிச்சாங்கம்மா. நீ ஒருத்திதான் சிரிக்கல. தெரியாத கதைன்னா சிரிப்பு வந்திருக்கும்.

பேசாத, இரு. இன்னும் முடிக்கல. மல்லி வாசம் பட்டா எனக்கு மண்டைய ரெண்டாப் பொளக்கும். அது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும், வேற ஒருத்தருக்கும் தெரியாது. தங்கம்மாள் மல்லிய என் மூக்காண்ட நீட்டி, வெச்சிக்கோயேன்னா. நான் நொண்டிக்கினு வந்து குந்தினதுமே நான் யாருன்னு தெரிஞ்சிக்கினு நீ கூடைய நவுத்தி ஈரத்துணிய மூடின. நல்ல மனசுதான் உனக்கு. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கல. என் தலவலியக் கூட உன்கிட்ட சொல்லி வெச்சிருக்கறாரே. நான் எப்படி நவுந்து நவுந்து பூப் பறிக்கறேன்னு சொன்னாரா? அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?

வண்டி திரும்புது, நான் கெளம்பறேன். கையக் குடுக்க வேணாம், நானே எழுந்துக்குவேன். உன் பேரும் எனக்கு வேணாம்.

செங்கம் பஸ்ஸவுட்டு எறங்கினதும் முதல்ல இங்கதான் வருவாரு. நான் வந்தது போனது எதுவும் சொல்லாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நானும் இன்னிக்கு ஒண்ணு பாத்துட்டேன், என் சொந்தக் கண்ணால. குனிஞ்சு உன் மடியப் பாரு. கோழி கொக்கரிச்சதுலேர்ந்து நீ ஒரு பூவும் எடுக்கல. வெறும் நாருல முடிச்சு மேல முடிச்சாப் போட்டுக்கினே இருக்கற, ரெண்டு மொழம் வந்துடுச்சு.

திருவூடல் தெருவுல ஒரு பூக்காரி பூவே இல்லாம நாரக் கட்டிக்கினு உக்காந்திருந்தான்னு வேடியப்பன்கிட்ட சொல்லு. ஆமா, பேரச் சொல்லிட்டேன். எதிர்ல யாரு இருந்தாங்கன்னு மட்டும் சொல்லாத. ராத்திரிக்குக் கால கழுவிக்கினு கட்டில் பக்கத்துல குந்தி, இன்னிக்கு இன்னா பாத்தேன் தெரியுமான்னு என்கிட்ட அத்த சொல்லட்டும். கேட்டுக்கறேன்.