மேசையை அடிக்காமல் ஒரு பேச்சு

அமைதியையே ஆட்சிமொழியாகக் கொண்ட இந்த நூலகத்தின் தலைமை நூலகர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே, செய்தித்தாளைக் கடைசி விளம்பரம்வரை படித்து முடிக்காமல் அடுத்தவர் கையில் தராத பெரியோர்களே, பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்க வந்து தங்களுக்கும் இரண்டு எடுத்துப்போகும் தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்த அன்பர்களே, முப்பத்திரண்டு ஆண்டுகள் இங்கே பணியாற்றி இன்று விடைபெறும் விழாவின் நாயகியே, என் வாழ்க்கைத் துணையே, உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

வழக்கமாக இந்த இடத்தில் மேசையை ஓங்கி ஓர் அடி அடிப்பேன். இன்று அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? துணிவு தொலைந்ததா? தொண்டை தொலைந்ததா? தமிழ் தொலைந்ததா? எதுவும் தொலையவில்லை. ஏன் அடிக்கவில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த கதை.

இதோ என் முன்னால் மேசைமேல் இருக்கும் பலகைக் கணினி, நீங்கள் டேப் என்று செல்லமாக அழைப்பது, என் மகள் வாங்கித் தந்தது. ஒரு காலத்தில் குறிப்பே இல்லாமல் மூன்று மணி நேரம் பேசியவன் நான். அங்கே ஒருவர் தலையில் கை வைக்கிறார். அன்றைக்கு வந்திருந்தார் போலும். அறுபதைத் தாண்டியதும் நினைவு நழுவத் தொடங்கியது. காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். ஒரு திருமண மேடையில் விசிறிக் காற்றில் பக்கங்கள் பறந்தன. பொறுக்கினேன், அடுக்கினேன், படித்தேன். மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்றேன்; அடுத்த மூச்சில், அன்னாரின் ஆன்மா சாந்தியடைக என்றேன். முதல் நாள் இரங்கல் கூட்டத்தின் பக்கம் ஒன்று கலந்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். அன்றோடு காகிதத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகுதான் இது வந்தது. பெரிய எழுத்து, பறக்காத பக்கம். எங்கே மூச்சுவிட வேண்டும், எங்கே நீர் அருந்த வேண்டும் என்றெல்லாம் குறித்துவைப்பேன். முக்கியமான இடங்களில் சிவப்பு எழுத்தில், ‘இங்கே மேசையை அடிக்கவும்’ என்று இருக்கும். ஆமாம் அம்மா, அதையும் எழுதித்தான் வைத்திருப்பேன். திடீரென்று வரும் ஆவேசம் என்றா நினைத்தீர்கள்?

ஆறு மாதம் அழகாக ஓடியது. அதன் பிறகு வந்தது நீலம். பேச்சின் உச்சியில், கூட்டம் கைதட்டக் காத்திருக்கும் கணத்தில், எழுத்தெல்லாம் மறைந்து திரை முழுதும் நீலமாகிவிடும். அதில் ஒரு சோக முகம். ‘சிக்கல் ஏற்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. சிக்கல் அதற்கா, எனக்கா? கீழே பூஜ்யம் சதவீதம், ஐந்து சதவீதம் என்று அது ஆற அமர எண்ணும். மேலே நான் நூறு சதவீதம் வியர்த்து நிற்பேன்.

போன மாதம், இதே மேடையில், என் துணைவியாரோடு இங்கே பணியாற்றிய தோழி ஒருவருக்குப் பணிநிறைவு விழா. ‘அஞ்சாத நெஞ்சமே’ என்று முழங்கினேன். நீலம். நான்கு நிமிடம் நின்றேன். இந்தக் கட்டடத்தில் இப்படி ஓர் அமைதியைத் தாம் கண்டதே இல்லை என்று தலைமை நூலகர் பாராட்டினார். வீடு திரும்பும் பேருந்தில் என் துணைவியார் சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: “அடுத்த மாசம் இதே மேடைல எனக்கு. அன்னிக்கும் இப்படித்தான் நிப்பீங்களா?”

ஊரெல்லாம் பேசி ஓய்ந்த வாய் உற்றவளுக்கு ஒரு சொல் இல்லாமல் நின்றால், அது வாயா? நான் பயந்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், மெய்யாகவே பயந்துவிட்டேன்.

வைத்தியம் தொடங்கியது. மகள் தொலைபேசியில், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா” என்றாள். மருமகன், “அப்டேட் போடுங்க மாமா” என்றார். காலையில் போட்ட அப்டேட் சாப்பாட்டு வேளையைத் தாண்டி முடிந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், “சூடாகுது சார், விசிறி விடுங்க” என்றார். விட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் துணைவியார், “எனக்கு ஒரு நாளாவது விசிறி விட்டிருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு எந்த அப்டேட்டிலும் விடை இல்லை.

கடைசியில் கடைத்தெருவில் பழுதுபார்க்கும் அம்மையாரிடம் போனேன். எல்லோரும் ஸ்க்ரூடிரைவர் அக்கா என்பார்கள். இதோ ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்; எழுந்து நில்லுங்கள் என்றால் மாட்டார். மூன்று நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். “மெமரி டெஸ்ட், ஹீட் டெஸ்ட், எல்லாம் போட்டுட்டேன் அண்ணே. ஒரு தடவைகூட நிக்கல. எப்ப நிக்குதோ, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எழுதிட்டு வாங்க” என்றார்.

எழுதினேன். ஒருமுறை ‘வெல்வோம்’ என்றபோது நின்றது. ஒருமுறை ‘எழுவோம்’. ஒருமுறை ‘அஞ்சோம்’. உடனே புரிந்துவிட்டது. இந்தக் கருவியால் கனல் கக்கும் சொற்களைத் தாங்க முடியவில்லை. சிரிக்காதீர்கள், நாற்பது ஆண்டு மேடை கண்டவன் வேறு எப்படி யோசிப்பான்? வீட்டில் உட்கார்ந்து பேச்சையெல்லாம் திருத்தினேன். ‘வெல்வோம்’ போய் ‘முடிந்தவரை முயல்வோம்’ ஆனது. ‘எழுவோம்’ போய் ‘வசதிப்பட்டால் எழுவோம்’ ஆனது. வணிகர் கூட்டத்தில் போய் அப்படியே முழங்கினேன். கூட்டம் வசதிப்பட்டு எழுந்து போனது. திரை அப்போதும் நீலம்.

அக்காவிடம் திரும்பப் போனேன். “சரிண்ணே, இங்கயே நில்லுங்க. மேடைல பேசுற மாதிரியே பேசுங்க” என்றார். சார்ஜர் வாங்க வந்தவர்கள் இருவர், கண்ணாடி உடைந்த போனோடு வந்தவர் ஒருவர். அவையோ சிறியது, ஆர்வமோ பெரியது. தொடங்கினேன். உச்சிக்குப் போனேன். தட்டில் இருந்த திருகுகள் துள்ளித் தரையில் சிதறின. நீலம். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என் கையைப் பார்த்தார்.

“அண்ணே, வியாதி இதுல இல்ல. உங்க கைல.”

பிரித்துக் காட்டினார். எழுதியதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் சின்னஞ்சிறு அட்டை. அதைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகு தளர்ந்திருந்தது. நான் மேசையை அடிக்கும்போதெல்லாம் அந்த அட்டை ஒரு நொடி இடம்விட்டு எழும்பியிருக்கிறது. ‘எழுவோம்’ என்று எத்தனை ஊரில் முழங்கினேன். என் சொல்லுக்கு எழுந்தது அது ஒன்றுதான்.

“திருகை இறுக்கிட்டேன். ஆனா அது உக்கார்ற இடமே தேஞ்சிருக்கு. புதுசு வர ரெண்டு வாரமாகும். அதுவரைக்கும் அடிக்காம பேசுங்க” என்றார். விழாவுக்கோ இரண்டே நாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் துணைவியாருக்கு வியப்பே இல்லை. “முப்பது வருஷமா நான் இதைத்தானே சொல்றேன். ரிப்பேர்காரம்மா சொன்னாத்தான் ஏறுமா?” என்றார். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, “சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துலதான் நீங்க மேசையை அடிப்பீங்க” என்றார்.

சுருக்கென்றது. பழைய பேச்சுகளைத் திறந்து பார்த்தேன். சிவப்பு எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் காற்று.

என் துணைவியாரோ குரலையே உயர்த்தாதவர். இங்கே யாராவது சத்தம் போட்டால் அருகே வந்து மேசைமேல் ஒரு விரலை வைப்பார், பேச்சு நின்றுவிடும். நான் முழுக் கையால் செய்ய முடியாததை இவர் ஒரு விரலால் செய்தார். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் மறந்துபோன கடிதம், பயணச்சீட்டு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு செருப்புப் பெட்டியில், எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று எழுதிச் சேர்த்துவைத்தார். ஒன்பது ஆண்டு கழித்து வந்து தன் தாயின் கடிதத்தை வாங்கிக்கொண்டு அழுத ஒருவர் இந்த அவையில் இருக்கிறார். அவர் தலையசைக்கிறார், பாருங்கள். இதைச் சொல்ல மேசையை எதற்கு அடிக்க வேண்டும்?

ஆனாலும் பழக்கம் விடுமா? கடைசிப் பத்திக்கு மட்டும் ஒரே ஓர் அடி என்று குறித்துத்தான் வைத்திருந்தேன். இதோ வந்துவிட்டது, சிவப்பு எழுத்து... ஒரு நிமிடம் பொறுங்கள். இது நான் எழுதியது இல்லை. ‘இங்கே மேசையை அடிக்கவும்’ என்ற வரியை யாரோ அழித்துவிட்டு, ‘இங்க என்னைப் பாருங்க’ என்று எழுதியிருக்கிறார்கள்.

பார்க்கிறேன்.

நாற்பது ஆண்டுகளாகக் கடைசி வரிசையைப் பார்த்தே பேசினேன். முதல் வரிசையில் நீ இருந்தாய். என் ஒவ்வொரு பேச்சையும் காய் நறுக்கிக்கொண்டே முதலில் கேட்டவள் நீ. அதற்கு ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை. இன்று மாலை இந்த வாசலைத் தாண்டும்போது உன் பையை நான் தூக்கி வருகிறேன். பேருந்தில் நீ பேசு, நான் கேட்கிறேன்.

அவையோரே, திரை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. என் கண்தான் மங்குகிறது. பழக்கதோஷத்தில் ஓங்கிவிட்ட இந்தக் கையை மேசைமேல் இறக்காமல் மற்றொரு கையோடு சேர்க்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், திருகை இறுக்கிய அக்காவுக்கும், என்னைத் திருத்திய இவளுக்கும் நன்றி. வணக்கம்.