கரத்தை வெட்டச் சொன்ன தலைவர்

மழைக்காக ஷட்டர் இறக்கிய, மலையாள நாட்டுச் சித்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டு இருட்டில் அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குடும்பம், பரம்பரைன்னு பேசற நம்ம தலைவரு சொன்னது சரிதானுங்ணா. பரம்பரை நெலம் வெச்சிருக்கறவன் கரத்தை வெட்டோணும்."

பொள்ளாச்சிக்காரனான எனக்கும் பரம்பரை நிலம் அரை ஏக்கர் உண்டு. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் ஒளித்தேன்.

"வெட்டுனாத்தான்டா நெலம் தங்கும். இல்லாட்டி வித்துப்போட வேண்டீதுதான்."

"அப்பன் பேர்ல இருக்கற கரத்தைக் கட்ட நேத்து வில்லேஜ் ஆபீசுக்குப் போனனுங்ணா."

அப்போதுதான் மலையாளத்தில் கரம் என்றால் வரி என்பது உறைத்தது. அசடு வழிய கைகளை வெளியே எடுத்தேன்.

"கட்டீட்டயா?"

"இல்லீங்ணா. காலைலயே அப்பன் வந்து கட்டீட்டுப் போயிட்டாருன்னாங்க."

"அடேய், அப்பனுக்கு ஆடியில தெவசம் குடுத்தமே!"

என் கைகள் தாமாகவே தொடைக்கடியில் போய்விட்டன.