கீழுதட்டின் வலது பாதி

எங்கள் வீட்டில் காலை டீ நான்தான் போடுவேன். செம்மொழிக்குச் சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டும். பெண்டாட்டிக்கு டீ போட்டுக் கொடுக்கிறவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான், மேடம். அக்கம்பக்கத்தார் உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் நெல் வியாபாரி. மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் எங்கள் களம் இருக்கிறது. விவசாயிகளிடம் வாங்கி மில்லுக்குக் கொடுக்கிறேன். விலை பேசுவது நான். நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது செம்மொழி. ஒரு நெல்லை எடுத்து வலது கடைவாயில் வைத்துக் கடிப்பாள். காய்ந்த நெல் படக்கென்று முறியும். ஈர நெல் நசுங்கும். கடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை யாரும் நம்புவதில்லை. "செம்மொழி அக்காவக் கடிக்கச் சொல்லுங்க" என்பார்கள்.

நான் கோபக்காரன் இல்லை. போன சம்பாவில் தங்கையன் என்கிற சுமைக்காரன் மூட்டைக்குள் கல்லைப் போட்டுத் தைத்திருந்தான். நான் கத்தவில்லை. அடுக்கின் ஓரத்தில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தான். அதன்மேல் இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னேன். பிறகு நானே பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்றும் என்னிடம்தான் வேலை பார்க்கிறான். இப்போது இடது கையால் தைக்கிறான்.

மாசியில் செம்மொழிக்குப் பல்வலி வந்தது. மன்னார்குடியில் டாக்டர் கேஷவிடம் போனோம். வலது பக்கம் கீழ்க் கடைசிப் பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். சின்னதாக ஓர் எக்ஸ்ரே எடுத்தார். வேர் முழுதாகத் தெரியவில்லை. அங்கே வேலை செய்யும் ஹாஃபிஸா என்கிற பெண், "பெரிய எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொல்லலாமா சார்?" என்று கேட்டது. "வேணாம், பாத்துக்கலாம்" என்றார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். இரண்டையும் என் காதால் கேட்டேன். பல் துண்டு துண்டாக வந்தது.

மரப்பு ஊசி சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும் என்றார்கள். மறுநாளும் மரப்பு போகவில்லை. கீழுதட்டில் வலது பாதி, முகவாய், அந்தப் பக்கக் கீழ்ப்பற்கள், எதிலும் அவளுக்கு உணர்ச்சி இல்லை. டீ குடித்தால் ஓரத்தில் ஒழுகும். தெரியாது. சாப்பிடும்போது உதட்டைக் கடித்து ரத்தம் வரும். நான்தான் சொல்ல வேண்டும். நெல்லை இடது பக்கம் கடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் பழக்கமில்லை. தப்புத் தப்பாகச் சொன்னாள். பிறகு கடிப்பதையே விட்டுவிட்டாள்.

டாக்டரிடம் திரும்பப் போனோம்.

"நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கு. ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருஷம். தானா வந்துடும்ங்க."

"உங்க மேல தப்புதானே சார்?"

"தப்புன்னு எப்படிங்க சொல்றது? இப்படி ஆகலாம்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்." செம்மொழி பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் நெல்லு கடிக்கிற டூட்டிக்கு லீவு போட்டுடுங்கம்மா."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எச்சில் வழிந்தது. அவர் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினார். நீட்டும்போது பார்வை கம்ப்யூட்டரில் இருந்தது.

அவருடைய தாத்தா நிலத்தில் என் அம்மா நடவு நட்டிருக்கிறாள். அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. வழக்கிலும் அதைச் சேர்க்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வக்கீல் இராஜாங்கம் மூலம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். நஷ்ட ஈட்டை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். கேஷவ் எழுந்து நிற்க வேண்டும். தவறு உம்முடையது என்று நாற்காலியில் இருக்கிறவர் சொல்ல வேண்டும். அதை நான் உட்கார்ந்துகொண்டு கேட்க வேண்டும்.

அவர் தரப்பில் பதில் வந்தது. பாதிப்பு தற்காலிகமானது, தானாகச் சரியாகிவிடும் என்று. தஞ்சாவூரில் மருத்துவர் குழு செம்மொழியைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது.

"கண்ண மூடச் சொல்லி ஊசியால தொடுவாங்க, சுடுதண்ணி வைப்பாங்க" என்றார் இராஜாங்கம். "தெரியலேன்னு சொன்னா அந்த டாக்டர் மாட்டினாரு. தெரியுதுன்னா அவர் சொன்னது சரின்னு ஆயிடும் செழியன். அப்புறம் கேஸ் இருக்கும், அதுக்குப் பல்லு இருக்காது."

அவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குறுவை அறுப்பு வந்தது. ஒருநாள் ராசம்மாள் நெல் கொண்டுவந்தாள். அறுபது வயது, வாய் நீளம். நான் மெஷினை எடுத்தேன்.

"ஏண்டி செம்மொழி, மெஷினுக்கு வாக்கப்பட்டுட்டியா? கடிச்சுச் சொல்லுடி."

செம்மொழி யோசிக்காமல் ஒரு நெல்லை எடுத்து வலது பக்கம் வைத்துக் கடித்தாள்.

"இன்னும் ஒரு காய்ச்சல் வேணும் பெரியம்மா" என்றாள்.

பிறகு அப்படியே நின்றாள். முகவாயைத் தொட்டாள். இன்னொரு நெல்லை எடுத்துக் கடித்தாள். "ஏங்க, தெரியுதுங்க" என்றாள். "நெல்லு தெரியுதுங்க." ராசம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். சுமைக்காரர்கள் கை தட்டினார்கள். தங்கையன் ஒரு கையால் தொடையைத் தட்டினான். நான் மெஷினில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இன்னும் ஒரு நாள் வெயிலில் காய வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், குத்துகிறதாம், கூசுகிறதாம். "அந்த டாக்டர் சொன்ன மாதிரியே வந்துடுச்சு பாருங்க. கேஸ வாபஸ் வாங்கிடலாங்க. பாவம், நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன் என்றாள். நான் அப்போதும் கோபப்படவில்லை.

அவளுக்கு விளக்கினேன். எக்ஸ்ரே எடுக்காதது உண்மை. இத்தனை மாதம் நீ கஷ்டப்பட்டது உண்மை. இப்போது உணர்ச்சி வந்தது தற்செயல். தற்செயலுக்காக உண்மை தோற்கக் கூடாது. தஞ்சாவூரில் கொஞ்ச நேரம் வலிக்காத மாதிரி உட்கார்ந்திரு, போதும். அவள் தயங்கினாள். பிறகு சரி என்றாள். எனக்காக எதையும் செய்வாள்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழகினோம். துண்டால் கண்ணைக் கட்டுவேன். தையல் ஊசியால் உதட்டில் குத்துவேன். முதலில் சுளித்தாள். சுளிக்காதே என்பேன், மறுபடி குத்துவேன். பிறகு சாக்குத் தைக்கும் கோணி ஊசிக்கு மாறினோம். அப்புறம் அடுப்பில் காய்ச்சிய கரண்டி. பெரிய வலியைப் பழகிவிட்டால் சின்ன வலி ஒன்றுமில்லை. அவள் கெட்டிக்காரி. முகம் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டாள். கண்ணீர் மட்டும் துண்டை நனைத்துக்கொண்டு இறங்கியது. அதை எப்படி நிறுத்துவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

தெருவில் அவள் துண்டால் வாயை மூடிக்கொண்டு நடந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்திருப்பார்கள். அடித்தேன் என்று சொல்லியிருப்பார்கள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை.

தஞ்சாவூர் போவதற்கு முந்தின நாள் அவள் கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டாள்.

"என்னால முடியாதுங்க. நாளைக்குக் கேட்டா வலிக்குதுன்னுதான் சொல்லுவேன்."

"இவ்வளவு பழகிட்டு?"

"வலிக்கிறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமாங்க? அதப் போயி மறைக்கச் சொல்றீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. தவறு என்னுடையது. செம்மொழி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். நெல் விஷயத்தில் எனக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை. அவளைப் போய்ப் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே உணர்ச்சி இல்லாமல் இருந்தால் அவள் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, நீ சொல்கிறபடியே ஆகட்டும் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். நன்றாகச் சாப்பிட்டாள். மோரில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்தேன். வலி தெரியக் கூடாது என்றுதான்.

குத்தூசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூட்டையைப் பிரிக்காமல் குத்தி உள்ளே இருக்கிற நெல்லை எடுத்துப் பார்க்கிற கருவி. அதைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். சீழ் பிடிக்கக் கூடாது. அந்த நரம்பு தாடையில் எந்த இடத்தில் வெளியே வருகிறது என்பதற்கு வழக்குக் காகிதங்களில் படம் இருந்தது. வாய்க்கு உள்பக்கமாகச் செய்தால் வெளியே காயம் தெரியாது. பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் வசதியாக இருந்தது.

இரண்டாவது குத்தில் அவள் விழித்துக்கொண்டாள். மாத்திரை போதவில்லை. நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினேன். அவள் என் கையைக் கடித்தாள். வலது பக்கப் பல்லால் கடித்தாள், மேடம். எலும்பு வரைக்கும் இறங்கியது. வேலை பாதியில் இருந்தது. பாதியில் விட்டால் இவ்வளவு வலியும் வீண். ஆகவே தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முடித்தேன். எலும்பில் குத்தூசி வழுக்கியது. திரும்பத் திரும்பக் குத்த வேண்டியிருந்தது. அவள் கத்தப் பார்த்தாள். வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேதான் போயிருக்க வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. பக்கத்து வயலில் மெஷின் வரப்பு வரை போய்த் திரும்பி வரும்வரை பொத்தியிருந்தேன்.

பிறகு கையை எடுத்தேன். தையல் ஊசியால் உதட்டில் குத்திப் பார்த்தேன். முகம் அசையவில்லை. கண்ணீரும் வரவில்லை. முதல் தடவையாக எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் மூச்சு விடவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். முகத்தைத் துடைத்தேன். வேறு புடவை கட்டிவிட்டேன். லோடு ஆட்டோவில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து மன்னார்குடிக்குக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். பல்லைப் பார்த்தது கேஷவ். அவரிடம்தானே போக வேண்டும்?

கிளினிக்கில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய் அந்த நாற்காலியில் கிடத்தினேன். கேஷவ் எழுந்து நின்றார். ஆணையத்தில் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். இங்கேயே எழுந்து நின்றுவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"செம்மொழி அம்மா, செம்மொழி அம்மா" என்று கன்னத்தைத் தட்டினார். முகவாயைக் கிள்ளினார். பிறகு வாயைத் திறந்து பார்த்தார். நெஞ்சை அழுத்தினார். ஹாஃபிஸா அலறிக்கொண்டே போன் செய்தது. அழுத்தி அழுத்திக் களைத்துப்போய் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

கொன்றது நீதானே என்று கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான். என் கைதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மற்றதையும் சேர்த்து எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டது அவர். கேட்டதற்கு ஹாஃபிஸா சாட்சி. முகவாயில் வலது பக்கத்தைக் கிள்ளிப் பார்த்ததும் அவரேதான். உணர்ச்சி இல்லை. தானாக வந்துவிடும் என்று சொன்ன அதே ஆள் தன் விரலாலேயே பார்த்துக்கொண்டார். புருஷன் வாரிசு, வழக்கை நான் தொடர்ந்து நடத்தலாம். இந்த வாக்குமூலத்தில் ஒரு நகலை இராஜாங்கத்துக்குக் கொடுத்தனுப்புங்கள், மேடம். தீர்ப்பு நம் பக்கம் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் செம்மொழிதான்.