ஹெட்டி திரும்பவில்லை

ஹெட்டி: ...முதுகுக்குப் பின்னால நின்னு முனகாதே டென்சில். முன்னால வந்து உக்காரு. மூஞ்சியைப் பாக்கணும்.

டென்சில்: இருக்கட்டும் மேடம். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்...

ஹெட்டி: உக்காருன்னா! ஜின் ஊத்து. எனக்குப் பெருசா.

டென்சில்: அரங்கத்துல இன்னும் கை தட்டுறாங்க, கேக்குதா?

ஹெட்டி: கேக்காம? தரையே அதிருதே! "சினிமாவுக்குப் போனவளுக்கு மேடை இனிமே மூச்சு வாங்கும்"னு பேப்பர்ல எழுதினானே அந்த மொட்டைத் தலையன்... நாற்காலி மேல ஏறி நின்னான், பாத்தியா?

டென்சில்: தொப்பியை வேற தூக்கிப் போட்டார்.

ஹெட்டி: பதினாறு வருஷம் கேமரா முன்னாடியே நின்னுட்டேன். இன்னிக்குச் சறுக்கியிருந்தா, நாளைக்கு என் இடத்துல வேற ஒருத்தி. அவளுக்கு உடுப்பு தைச்சு மாட்டியே வெச்சிருக்காங்க.

டென்சில்: நான் மட்டும் என்ன... திரும்பவும் பிரைட்டன் கடற்கரையில ஐஸ்கிரீம் வித்திருப்பேன்.

ஹெட்டி: ஏன்டா கண்ணு, நீ நல்லாத்தானே பண்ணே?

டென்சில்: அந்தக் கடைசிக் கட்டம், மேடம்... உங்க முதுகுக்குப் பின்னால, கதவுகிட்ட நின்னு நான் வசனம் சொல்லணும். நீங்க திரும்பி அழணும். நீங்க திரும்பவே இல்ல.

ஹெட்டி: ...தோணிச்சு. செஞ்சேன்.

டென்சில்: கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. கூட்டம் மூச்சுவிடல. திரை விழுந்ததும் எழுந்து நின்னு கத்துறாங்க!

ஹெட்டி: நாடகம் எழுதினவர் என்ன சொன்னார்? கோபமா?

டென்சில்: கோபமா! வெளிய கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார். அந்த வசனத்தையே வெட்டிட்டார். இனிமே தினமும் இப்படித்தானாம்.

ஹெட்டி: அப்பாடா!

டென்சில்: நானும் அதேதான் சொன்னேன்... மேடம், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.

ஹெட்டி: எதுக்கு?

டென்சில்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. கடைசி வசனத்தை ஒத்திகையில சொன்னா நாடகம் ஓடாதுன்னு ஒருநாளும் சொல்ல விட்டதில்ல நம்மாளுங்க. அந்த இடம் வந்தா கையைத் தட்டி எழுந்துடுவோம். இன்னிக்குத்தான் முதல் தடவை வாயைத் திறந்தேன்... ஒண்ணுமே வரல. சுத்தமா மறந்துபோச்சு. நீங்க அசையாம உக்காந்ததாலதான் என் மானம் பிழைச்சுது.

ஹெட்டி: இரு, இரு... நீ சொல்லவே இல்லையா?

டென்சில்: ஒரு எழுத்துகூட இல்ல. என் குரல் வரலன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே...

ஹெட்டி: அடப்பாவி! கதவைச் சாத்து முதல்ல. எனக்குக் காது போய் ரெண்டு வருஷம் ஆச்சுடா. எல்லார் உதட்டையும் பாத்துத்தான் காலம் தள்றேன். உன்னை மேடைக் கண்ணாடியில பாத்துக்கலாம்னு இருந்தேன், வெளிச்சம் தெறிக்குதுன்னு எவனோ அதுல சோப்பைப் பூசிட்டான். நீ எப்பச் சொல்லுவே, நான் எப்பத் திரும்பறதுன்னு தெரியாமத்தான் அப்படியே உக்காந்திருந்தேன்!