டேங்கில் மிஞ்சிய மருந்து

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே சொன்னாள்:

"திராட்சைக்கு அடிச்சது போக டேங்குல மிச்சங்கெடந்த மருந்த நாய்க்கு அடிச்சுப்புட்டாருக்கா எங்க வீட்டுக்காரரு."

"நாய்க்கா? எதுக்குடி?"

"காதெல்லாம் உண்ணி. செடியில பூச்சி சாகுதுல்ல, உண்ணி சாகாதான்னாரு."

"செத்துச்சா?"

"உண்ணி செத்துச்சு. நாயி ஒடம்ப நக்கிட்டு, வாயில நொரை தள்ளி வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆட்டோவுல போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஊசி போட்டாக. இப்ப எந்திரிச்சுக் கஞ்சி குடிக்குது."

"பொழச்சிருச்சுல்ல, பெறகு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?"

"டாக்டரு இவரப் பிடிச்சுத் திட்டுனாக. தோல் வழியாவே உள்ள எறங்குற விஷம், சோப்புப் போட்டு நல்லாக் குளிப்பாட்டுங்க, தொட்ட கையோட சோறு திங்காதீகன்னாக. இவரும் தலைய ஆட்டிட்டு வந்து, பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுனாரு."

"நல்லதுதான?"

கண்டக்டர் வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இளையவள் அதை வாங்கும்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

"மறுநா விடிஞ்சதும் அதே டேங்க முதுகுல மாட்டிட்டு அடிக்கப் போயிட்டாருக்கா. சட்டையெல்லாம் மருந்துல நனைஞ்சு வந்து, கையக்கூடக் கழுவாமத் தட்டு முன்னால உக்காந்தாரு. சோப்ப எடுத்து நீட்டுனேன். 'நான் என்ன நாயா'ங்குறாரு."