எந்திரிச்சுப் போற வித்தை

இல்ல தம்பி, குப்புறப் படுக்கறது அப்புறம். மொதல்ல என் வலிக்கு நீங்க சொன்ன நாலு காரணத்துல எதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க. புட்டத்துக்குள்ள இருக்கற தசை இறுகி நரம்ப நெரிக்கலாம்ங்கறீங்க. தொடையோட பின்பக்கத் தசை எலும்புல ஒட்டற எடத்துல நைஞ்சிருக்கலாம்ங்கறீங்க. இடுப்பு மூட்டா இருக்கலாம், முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கியிருக்கலாம். லாம், லாம், லாம். நான் ஒரு பழைய பீரோவக் காட்டி, இது தேக்கா இருக்கலாம், வேற மரமா இருக்கலாம், வெறும் அட்டையாக்கூட இருக்கலாம்னு சொன்னா நீங்க வாங்குவீங்களா?

சிரிக்காதீங்க. மூணு மாசமா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டாங்க. எங்க கடைக்கு எதுத்தாப்புல மெத்தைக் கடை. அவரு, அக்கா ஒங்க மெத்தை சரியில்லங்கறாரு. பக்கத்துல செருப்புக் கடை. அவரு செருப்பு சரியில்லங்கறாரு. மருந்துக் கடைக்காரருக்கு என் எலும்புல சத்து இல்ல. அவங்கவங்க எத விக்கறாங்களோ அது இல்லாததுதான் எனக்கு வியாதி. நீங்க தசைய நீவி விடறவரு, அதனால தசையிலேர்ந்து ஆரம்பிக்கறீங்க. தப்பாச் சொல்லல. தொழில்னா அப்படித்தான்.

எங்க நாத்தனார் மட்டும் எதுவும் விக்கல. அவங்களுக்குக் காரணமும் தேவையில்ல. அம்பத்திரண்டு வயசுல ஆடப் போனா வலிக்காம என்ன செய்யும்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டாங்க.

எப்படி ஆரம்பிச்சதா? போன வாரம் வந்தப்பக் கேக்காம இப்பக் கேக்கறீங்க. சரி, எழுதிக்குங்க. ரத்தத்துல சர்க்கரை கூடியிருக்கு, ஒடம்ப அசைங்கன்னு எங்க டாக்டர் சொன்னாரு. நான் அசையாதவளா? பழைய மேசை, நாற்காலி, கட்டில் வாங்கி விக்கறவ. வீடு காலி பண்றாங்கன்னு போன் வந்தா மூணு மாடி ஏறிப் போயி, கட்டிலுக்கு அடியில படுத்து, பூச்சி அரிச்ச எடத்தை வெரலால தட்டிப் பாத்து வெல பேசறவ. அதெல்லாம் ஒடற்பயிற்சி கெடையாதாம். கண்ணாடி வச்ச ரூம்ல, பாட்டப் போட்டு, பீஸ் கட்டி ஆட்டுனாத்தான் பயிற்சியாம். சரின்னு பேக்கரி மாடியில பொம்பளைங்க வகுப்புல சேந்தேன்.

அங்க ஒரு டீச்சர் பொண்ணு. ஒடிச்சா ரெண்டாயிரும் போல இருப்பா. ஒரு நாளைக்கு இருபது தடவ உக்காந்து எந்திரிங்க ஆன்ட்டி, ஒரு மாசத்துல வித்தியாசம் தெரியும்னா. நாப்பதாச் செஞ்சா பதினஞ்சு நாள்ல தெரியுமான்னு கேட்டேன். அவ சிரிச்சா. வியாபாரத்துல சிரிச்சா சம்மதம்னு அர்த்தம். மொத்தமா எடுத்தாச் சலுகை உண்டுல்ல? நாப்பது செஞ்சேன். அப்புறம் அறுபது ஆக்குனேன், பத்தே நாள்ல வேலைய முடிச்சிரலாம்னு. வெறுங்கையாச் செய்வானேன்னு கடையில கெடந்த தையல் மிஷின் தலையத் தூக்கிக் கையில வச்சுக்கிட்டேன்.

ஏன் நெத்தியப் புடிக்கறீங்க? ஒம்பதாம் நாள் எந்திரிக்கும்போது வலது புட்டத்துல சுளீர்னுச்சு. அப்படியே பின்தொடை, கெண்டைக்கால், சுண்டுவிரல்னு கரண்டு மாதிரி எறங்குச்சு. டீச்சர்கிட்டச் சொன்னேன். வலி நல்லது ஆன்ட்டி, தசை வளருதுன்னா. அவ கணக்குப்படி என் காலு இந்நேரம் அந்தப் பேக்கரிக்கு மேல வளந்திருக்கணும்.

நடந்தாத் தேவல. உக்காந்தா நெருப்பு. இருமுனா, தும்முனாக்கூட எறங்குது. அதுக்கு எதுக்குப் பேனா நின்னுருச்சு? இருமலுக்கும் புட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்ப முதுகுத் தட்டுங்கறீங்க. நல்லது, நாலு ஒண்ணாச்சு. பேசுனா எறங்கி வர்றீங்க பாத்தீங்களா.

எனக்கு என்ன அவசரம்ங்கறீங்களா? தம்பி, ஒங்களுக்கு என் தொழில் தெரியாது. வெல பேசறதுன்னா எல்லாரும் வாய்னு நெனைக்கறாங்க. வாய் இல்ல, காலு. எவ்வளவு பேசுனாலும் கடைசியில, சரிங்க, நமக்கு ஒத்து வராதுன்னு சட்டுனு எந்திரிச்சு நடக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது. மொதப் படி எறங்கறதுக்குள்ள கூப்புடுவாங்க. நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவ. புருஷன் போனதுக்கப்புறம் கடைய நிமித்துனது இந்த எந்திரிச்சுப் போற வித்தைதான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுல கண்ணாடி அலமாரி. ஒரு கீறல் கெடையாது. மொகத்துல காட்டிக்கல. பேசிப் பேசி, எந்திரிக்கற நேரம் வந்துச்சு. எந்திரிக்க முடியல. நாற்காலிக் கையப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். அந்த வீட்டம்மா என்னப் பாக்குது, நான் அலமாரியப் பாக்கறேன். என்னங்க, யோசிக்கறீங்களான்னுச்சு. ஆமான்னேன். சொன்ன வெலைக்கே எடுத்துக்கிட்டேன். இருபத்து மூணு வருஷத்துல மொத தடவ. தங்கமான பொம்பளைன்னு என்ன வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சுது. அந்த அவமானத்த யார்கிட்டச் சொல்ல?

அதான் கேக்கறேன், எத்தன நாள்ல என்ன எந்திரிச்சு நடக்க விடுவீங்க? ஆறு வாரமா. மூணாக்குங்க. அட, கேட்டுப் பாத்தேன்.

மரத்துப் போகுதான்னா, போகும். ரெண்டு காலுந்தான். எடது காலு நேத்துத்தான் சேந்துச்சு, வலது காலு தனியாக் கஷ்டப்படுதேன்னு. நேத்து வீட்டுக்கு வந்து பாக்கறேன், ஒரு கால்ல செருப்பு இல்ல. எந்தத் தெருவுல கழண்டுச்சுன்னே தெரியல.

மறைக்கலைங்க. போன வாரம் நீங்க என்ன கேட்டீங்க? பத்துக்கு வலி எவ்வளவுன்னீங்க. மூணுன்னேன். மொதப் பேச்சுலயே உள்ள நம்பர யாராவது சொல்லுவாங்களா? நீங்க இல்லம்மா, பாத்தா அஞ்சு இருக்குமேம்பீங்க, நானும் ஆறு வரைக்கும் வருவேன்னு இருந்தேன். நீங்க பாட்டுக்கு மூணுன்னு எழுதி, ஒத்தடம் குடுத்து அனுப்பிட்டீங்க. வெல பேசத் தெரியாத ஆளுன்னு அப்பவே நெனச்சேன்.

உள்ள நம்பரா? ஒம்பது. அது போன வாரக் கதை. இன்னிக்கு உக்கார்ற எடத்துல வலியே இல்ல. காலையிலேர்ந்து ஒண்ணுமே இல்ல. இந்த நாற்காலி இருக்கறதே எனக்குத் தெரியல. கொறைஞ்சிருச்சுன்னு சந்தோஷமாத்தான் வந்தேன். இன்னொண்ணு வந்து... நீங்க என் மகன் வயசு, எப்படிச் சொல்றது. காலையில பாத்ரூம்ல அர மணி நேரம் உக்காந்திருந்தேன். வரல. வரணும்னும் தோணல. அப்புறம் பஸ்ல வரும்போது துணியெல்லாம் நனைஞ்சிருக்கு. எனக்குத் தெரியல தம்பி. பக்கத்துல நின்ன பொண்ணு காதுல சொல்லுச்சு. கீழ ஒங்க பாத்ரூம்ல மாத்திக்கிட்டுத்தான் மேல வந்தேன்.

யாருக்குப் போன் பண்றீங்க? ஆம்புலன்ஸா? வெக்கத்த விட்டு ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஆம்புலன்ஸா? ஆஸ்பத்திரிக்குத் திங்கக்கிழமை போறேன். நாளைக்கு ஒரு பெரிய வீடு காலியாகுது, நான் போகலன்னா வேற ஆளு அடிச்சிட்டுப் போயிருவான். சரி, நாளைக்கு மத்தியானம். சரி, இன்னிக்குச் சாயந்திரம், கடையச் சாத்திட்டு. என்னங்க, நான் பேசப் பேசப் போன்ல அட்ரஸ் சொல்லிக்கிட்டிருக்கீங்க. இப்படி மொகத்த வச்சுக்கிட்டா நான் எப்படிப் பேசறது?

பிதுங்குன தட்டு நரம்பெல்லாத்தையும் நசுக்குதா. விட்டாக் காலே போயிருமா. மூத்திரமும் இப்படியே என் கட்டுல இல்லாமப் போயிருமா. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணாலும் சரியாகலாம்ங்கற லாம்தானா.

சரி. இப்பவே. கையக் குடுங்க. ஒண்ணு போதாது, ரெண்டும். என் காலு தரையில ஊனியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.