பார்டர் டீச்சர்

டீ வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதையை முடிச்சிடறேன். போண்டா வந்துட்டா நீங்க என்னைப் பார்க்க மாட்டீங்க... நானும் உங்களைப் பார்க்க மாட்டேன்.

இதே மாதிரி ஒரு பயிற்சி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கக் கத்துக்கொடுக்கிறது எப்படின்னு நம்ம ஆசிரியர்களுக்கு வெச்சாங்க. பயிற்சின்னா என்ன நடக்கும்? குழு பிரிப்பாங்க, சார்ட் கொடுப்பாங்க. இங்கிலீஷ் வர்ற ஒருத்தர் பேசுவார். கையெழுத்து நல்லா இருக்கிறவர் எழுதுவார். மத்தவங்க? சுத்தி பார்டர் போடுவாங்க. நானெல்லாம் மாங்காய் டிசைன்ல டாக்டர் பட்டமே வாங்கியிருக்கணும்.

செந்தாமரை டீச்சரும் நம்ம கட்சிதான். 'பார்டர் டீச்சர்'னே பேரு. இங்கிலீஷ்ல வாயைத் திறக்கப் பயம். ஆனா அந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் அவங்க கைக்கு வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல இருக்கிறதே ரெண்டு டீச்சர். இவங்க வாசிச்சுக் காட்டலைன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு வேற யார் காட்டுவா... சொல்லுங்க?

பயிற்சி கொடுத்த நஸீமா மேடம், பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து தரையில உட்கார வெச்சாங்க. "யாராவது இவங்களுக்கு இந்தக் கதையை வாசிச்சுக் காட்டுங்க."

அவ்வளவுதான். ஹால் முழுக்கத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. செந்தாமரை டீச்சர் மட்டும் ஸ்கெட்ச் பேனாவை மூடி வெச்சாங்க... எழுந்தாங்க.

"நான் வாசிக்கிறேன் மேடம்."

பின்னாடியிருந்து கோதண்டபாணி சார், "என்ன டீச்சர், கதையைச் சுத்தியும் பார்டர் போடப் போறீங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் திரும்பினாங்க. "சிரிங்க சார். ஆனா திங்கக்கிழமை என் கிளாஸுக்கு நீங்க வரப் போறதில்ல. நான்தான் போகணும்."

மேடம் கையில இருந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை வாங்கிக்கிட்டாங்க.

பிள்ளைங்களோட தரையிலயே உட்கார்ந்தாங்க. வாசிக்க ஆரம்பிச்சாங்க. எப்படியோ ரெண்டு பக்கம் ஓடிடுச்சு. அடுத்த பக்கத்துல 'ஸ்க்விரல்'... மாட்டிக்கிட்டாங்க. நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிருப்போம். அவங்க அந்த வார்த்தை மேல விரலை வெச்சாங்க.

"இது எனக்கும் கஷ்டமா இருக்குடா. சேர்ந்து பார்ப்போமா? படத்துல என்ன இருக்கு?"

"அணில், டீச்சர்."

"முதல் எழுத்துக்கு என்ன சத்தம்?"

"ஸ்ஸ்ஸ்..."

அப்படியே ஒவ்வொரு சத்தமா... "ஸ்... க்வி... ரல்." பிள்ளைங்க புத்தகத்து மேலயே வந்து விழறாங்க. ஒரு பொண்ணு டீச்சர் விரலை நகர்த்திட்டுத் தன் விரலை வெக்குது. "இரு டீச்சர், இப்ப நான்." வாசிச்சுடுச்சு.

"அடுத்து கோதண்டபாணி சார்"னாங்க நஸீமா மேடம்.

"தொண்டை கட்டியிருக்கு மேடம்."

இதை எதுக்குச் சொல்றேன்? தெரியாத வார்த்தையைப் பார்த்துப் பிள்ளை பயப்படறதில்லீங்க. அது நம்ம மூஞ்சியைப் பார்க்குது. நாம ஓடினா அதுவும் ஓடும். நாம நின்னா... அதுவும் நிக்கும். இங்கிலீஷ் முழுசா வந்தப்புறம் வாசிச்சுக் காட்டலாம்னு இருந்தா, நாம ரிட்டயர் ஆயிடுவோம். அந்தப் பிள்ளை பத்தாங்கிளாஸ்லயும் எழுத்துக்கூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால வாசிக்காம இன்னைக்கு இங்கிருந்து யாரும் கிளம்ப முடியாது. என் இங்கிலீஷ் லட்சணம் இதுவரைக்கும் என் வீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்... இப்ப உங்களுக்கும் தெரியட்டும்.

அந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை இப்படிக் கொடுங்க. முதல்ல நான்.